தவளையின் உள்ளே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் தவளைப் பாடம் தொடங்கியதும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கும். கல்லூரி ஆய்வகத்தில் தவளையை அறுத்துப் படித்த தலைமுறை என்னுடையது. பிறகு அறுக்காமலே அதைக் கற்பிக்கவேண்டிய காலத்திலும் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன.

மிஸ், நாங்க நிஜமாவே தவளையை அறுக்கணுமா?

வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் விலங்கியல் படிப்புகளில் அறுவையைப் படிப்படியாகக் குறைக்கும்படி வழிகாட்டுதல் தந்தது. 2014-இல் இளநிலை, முதுநிலை இரண்டிலுமே அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. கல்லூரியிலேயே இல்லாததைப் பள்ளி மாணவர் செய்யத் தேவையில்லை. மாதிரி உருவம், படம், கணினி, கைபேசிச் செயலி இவற்றைக் கொண்டே படிக்கலாம்.

குளத்தில் ஒன்றைப் பிடித்து வந்து வீட்டில் முயன்று பார்க்கலாமா என்றும் சில பிள்ளைகள் கேட்பதுண்டு. கூடவே கூடாது. ஒரு காலத்தில் தவளைக்கால் ஏற்றுமதிக்காக நம் வயல்களிலிருந்து தவளைகளை மூட்டை மூட்டையாக அள்ளிப் போனார்கள். 1987-இல் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. வயலில் பூச்சியைத் தின்று நமக்கு உதவும் உயிர் அது. நம் பாடத்துக்காக அது சாகவேண்டியதில்லை.

இத்தனை பிராணி இருக்க, எல்லாரும் தவளையையே ஏன் அறுத்தாங்க?

எளிதாகக் கிடைத்தது, உள்ளங்கைக்கு அடங்கியது, முதுகெலும்புள்ள உடலின் அடிப்படை அமைப்பு அத்தனையும் அதற்குள் இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. தவளையின் தசையும் இதயமும் உடலிலிருந்து பிரிந்த பிறகும் வெகுநேரம் இயங்கும். அதனால் உடலியங்கியலின் பெரிய கண்டுபிடிப்புகள் பலவற்றில் தவளை இருக்கிறது.

இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி 1628-இல் எழுதினார். ஆனால் இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துப் போகும் தமனியிலிருந்து, அதைத் திரும்பக் கொண்டுவரும் சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. 1661-இல் இத்தாலியின் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் நடுவில் இருந்த நுண்குழாய்கள் தெரிந்தன. அதே இத்தாலியின் பொலோனியா நகரில் கால்வானி, தவளைக்கால் மின்சாரத்தால் துள்ளுவதைப் பற்றி 1791-இல் வெளியிட்டார். மின்கலத்தின் கதை அங்கிருந்துதான் கிளைக்கிறது. நாம் தவளைக்குப் பட்டிருக்கும் கடன் கொஞ்சமல்ல.

எங்க புத்தகத்துல ரானா ஹெக்ஸாடேக்டைலான்னு போட்டிருக்கு. ஹெக்ஸான்னா ஆறு. ஆனா எண்ணினா ஆறு விரல் வரலையே?

வராது. முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து விரல். பின்கால் விரல்களுக்கிடையே நீந்த உதவும் சவ்வு உண்டு. பின்காலின் முதல் விரலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு புடைப்பு இருக்கும், பார்வைக்கு ஆறாவது விரல் போல. ஆனால் அது விரல் கிடையாது. தேர்வில் ஆறு என்று எழுதிவிட்டு வந்தவர்கள் பலர்.

இது நம் ஊர்க் குளங்களில் தாமரை இலைக்கும் பாசிக்கும் நடுவே மிதந்துகொண்டிருக்கும் பச்சைத் தவளை. இப்போது அறிவியலாளர்கள் இதை யூஃப்லிக்டிஸ் என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். வட இந்திய நூல்களில் வரும் ரானா டைக்ரினா வேறு இனம், உருவத்தில் பெரியது. உள்ளமைப்பில் நீங்கள் படிக்கும் அளவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

படத்துல வலதுன்னு போட்டது எனக்கு இடது பக்கமா இருக்கு. தப்பா அச்சடிச்சுட்டாங்களா?

அச்சுப்பிழை இல்லை. தவளை மல்லாந்து படுத்திருக்கிறது, நீங்கள் அதைப் பார்த்தபடி நிற்கிறீர்கள். எதிரே நிற்கும் தோழியின் வலது கை உங்கள் இடப்பக்கம் இருப்பதைப் போலத்தான் இதுவும். வலது, இடது என்று புத்தகம் சொல்வதெல்லாம் தவளையின் வலதும் இடதும். படம் வரையும் முன் தாளின் மூலையில் சின்னதாக 'வ', 'இ' என்று குறித்துக்கொள்ளுங்கள்.

திறந்ததும் முதல்ல என்ன தெரியும்? எல்லாத்தையும் ஒரே படத்துல பார்த்தா குழப்பமா இருக்கு.

குழம்புவது நியாயம்தான். புத்தகத்தில் ஒரே தாளில் அடுக்கடுக்கான உறுப்புகளைப் பரப்பிக் காட்டிவிடுகிறார்கள். அறுத்துப் படித்தவர்களுக்குக் கிடைத்த பெரிய லாபமே எது மேலே, எது அடியில் என்ற வரிசைதான். அதைச் சொல்கிறேன்.

முதலில் தோல். தவளையின் தோல் நம் தோலைப் போல உடம்போடு ஒட்டியிராது. தொளதொளச் சட்டை மாதிரி அங்கங்கே மட்டும் ஒட்டியிருக்கும். இடையில் நிணநீர் தேங்கும் அறைகள் உண்டு. தோலை விலக்கினால் வயிற்றுத் தசைச்சுவர். அதன் நடுக்கோட்டில், உட்புறமாக, ஒரு கருஞ்சிவப்பு நரம்பு ஓடுவது போலத் தெரியும். அது வயிற்றுச் சிரை. அதனால்தான் தசைச்சுவரை நடுவில் வெட்டாமல் சற்றுத் தள்ளி வெட்டவேண்டும் என்று சொல்லித் தருவார்கள். முதல் நாள் அதை மறந்து நான் நடுவிலேயே வெட்டினேன். தட்டு முழுக்க இரத்தம் பரவி ஒன்றும் தெரியாமல் போயிற்று. வகுப்பில் பாதிப் பேருக்கு அன்று அதே கதிதான். ஒரு உயிரை வீணாக்கினோம் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

சுவரைத் திறந்ததும் கண்ணில் படுவது கல்லீரல். செம்பழுப்பு நிறம், பெரிய கதுப்புகள். அதற்குச் சற்று மேலே, மார்பெலும்புக்கு அடியில், மெல்லிய உறைக்குள் இதயம். கல்லீரலைத் தூக்கினால் பச்சை மணி போலப் பித்தப்பை. அதன் கீழ், தவளையின் இடப்பக்கமாக வளைந்த இரைப்பை. அதைத் தொடர்ந்து முன்சிறுகுடல். இரண்டுக்கும் நடுவிலுள்ள வளைவில் வெளிர் நிறத்தில் கணையம். குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வில் மிளகுக்குச் சற்றுப் பெரியதாக ஒரு கருஞ்சிவப்பு உருண்டை இருக்கும், அது மண்ணீரல். குடலையெல்லாம் ஒதுக்கிய பிறகுதான் முதுகோடு ஒட்டிக் கிடக்கும் சிறுநீரகங்கள் தெரியும்.

தட்டில் தண்ணீர் ஊற்றித்தான் இதையெல்லாம் பார்ப்போம். நீரில் உறுப்புகள் மிதந்து தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இந்த வரிசையை அறுக்காம எப்படி மனசுல ஏத்துறது?

ஐந்து டிரேசிங் தாள் வாங்குங்கள். முதல் தாளில் தோலும் வெளி உருவமும். இரண்டாவதில் தசையும் அந்த வயிற்றுச் சிரையும். மூன்றாவதில் இதயமும் கல்லீரலும். நான்காவதில் இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல். ஐந்தாவதில் சிறுநீரகமும் இனப்பெருக்க உறுப்புகளும். ஒரே அளவில் வரைந்து மேல் ஓரத்தை மட்டும் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொன்றாகப் புரட்டினால் மேலே சொன்ன வரிசையிலேயே உள்ளே போவீர்கள்.

செயலிகளிலும் நல்லவை உண்டு. ஃப்ராகிபீடியா என்ற செயலியில் தவளையை அடுக்கடுக்காகத் திறக்கலாம், இதயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ஆனாலும் என் அனுபவத்தில், கையால் வரைந்த பிள்ளைக்கு நினைவில் நின்ற அளவு விரலால் தள்ளிப் பார்த்த பிள்ளைக்கு நிற்கவில்லை. இரண்டையும் செய்யுங்கள், வரைவதை விட்டுவிடாதீர்கள்.

நுரையீரல் எங்கேன்னு தெரியவே மாட்டேங்குது. மாதிரியில கூட ரொம்பச் சின்னதா இருக்கே?

அது காற்று இறங்கிச் சுருங்கிவிட்ட நிலை. இதயத்துக்கு இருபுறமும், கல்லீரலுக்குப் பின்னால், இளஞ்சிவப்பில் சுருங்கிய இரண்டு பைகளாக இருக்கும். நாங்கள் படித்தபோது வாய்க்குள் குரல்வளைத் துளையில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து ஊதிக் காட்டுவார்கள். இரண்டும் பலூன் போல உப்பி, அதுவரை தெரியாத நுரையீரல் சட்டென்று கண்முன் வந்து நிற்கும். அதன் சுவரில் வலை போலச் சிறு அறைகள் தெரியும். நம் நுரையீரல் பஞ்சு போன்றது. தவளையுடையது கிட்டத்தட்ட வெறும் பை.

மஞ்சளா, விரல் விரலா ஏதோ தொங்குதே, அது குடலா முட்டையா?

இரண்டும் இல்லை. அது கொழுப்பு உறுப்பு. சிறுநீரகத்தின் முன்பக்கத்தில், விந்தகம் அல்லது அண்டகத்தை ஒட்டி, மஞ்சள் விரல்கள் கொத்தாக நிற்பது போல இருக்கும். இனப்பெருக்கக் காலத்துக்கும் இரை கிடைக்காத காலத்துக்குமான சேமிப்பு அது. அதனால் பருவத்துக்கு ஏற்ப அதன் அளவு மாறும்.

ஆண் தவளையா பெண் தவளையான்னு வெளிய பார்த்தே சொல்ல முடியுமா?

முடியும். ஆணுக்குத் தொண்டையின் இருபுறமும் குரல்பைகள் உண்டு. மழை இரவில் நாம் கேட்கும் சத்தத்தைப் பெருக்குவது அவைதான். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முன்கால் முதல் விரலில் தடித்த ஒரு திட்டு தோன்றும். பெண்ணைப் பிடித்துக்கொள்ள அது உதவும்.

உள்ளே என்றால் சந்தேகமே வராது. ஆணின் விந்தகங்கள் வெளிர்மஞ்சள் நிறத்தில் அவரை விதை போலச் சிறுநீரகத்தின் மேல் கிடக்கும். மழைக்காலப் பெண் தவளையைத் திறந்தால் கருப்பும் வெள்ளையுமான முட்டைகள் வயிறு முழுக்க நிறைந்து மற்ற எதையும் மறைத்துவிடும். அந்த நாட்களில் பெண் தவளை கிடைத்தால் மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். அந்த ஒரு வயிற்றிலிருந்து எத்தனை ஆயிரம் தலைப்பிரட்டை வந்திருக்கும் என்று ஒரு பேராசிரியை கேட்டார். அன்று வகுப்பில் யாரும் பேசவில்லை.

சிறுநீர், மலம், முட்டை எல்லாமே ஒரே வழியிலயா வரும்?

ஆமாம். பெருங்குடல், சிறுநீர் நாளங்கள், சிறுநீர்ப்பை, இனப்பெருக்க நாளங்கள் எல்லாம் பொதுப்புழை என்ற ஒரே அறையில் திறக்கின்றன. வெளியே ஒரே துளை.

வாய்மொழித் தேர்வில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் என்ன வேறுபாடு? ஆணில் விந்தகத்திலிருந்து வரும் நுண்குழல்கள் சிறுநீரகத்துக்குள்ளேயே நுழைகின்றன. ஆகவே சிறுநீரும் விந்தணுவும் ஒரே நாளத்தில் வெளியேறுகின்றன. பெண்ணில் அண்டநாளம் தனி, சிறுநீர்நாளம் தனி. இரண்டும் தனித்தனியே பொதுப்புழையில் சேர்கின்றன.

படத்துல சிரை நீலமா இருக்கு. நிஜத்துலயும் நீலமா?

இல்லை. தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம் என்பது படிப்பவர் வசதிக்கான ஏற்பாடு. பதப்படுத்தி விற்ற சில மாதிரிகளில் இரத்தக் குழாய்க்குள் நிறமேற்றிய ரப்பர் பாலைச் செலுத்தியிருப்பார்கள், அந்த நிறமும் அப்படி வந்ததுதான். நிஜத்தில் சிரை இரத்தம் கருஞ்சிவப்பு.

ஆய்வகத்துல பாட்டில்ல இருக்கற தவளையை எடுத்துத் தொட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். அது ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் கிடக்கிறது. கண்ணையும் மூக்கையும் எரிக்கும், தொடர்ந்து சுவாசித்தால் புற்றுநோய் அபாயமும் உண்டு. கண்ணாடிக்கு வெளியே நின்றே பாருங்கள். நிறத்தையும் நம்பவேண்டாம்; ஃபார்மலினில் எல்லா உறுப்பும் நாளடைவில் ஒரே மங்கல் பழுப்பாகிவிடும்.

எம்பொண்ணு ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கிடுவா. அவ விலங்கியல் குரூப் எடுக்கலாமாங்க?

தாராளமாக எடுக்கலாம். இன்று பாடத்தில் இரத்தம் பார்க்கவேண்டிய இடம் மிகக் குறைவு. அந்த அச்சத்துக்குப் பயந்து விலங்கியலையே விட்டுப் போன நல்ல மாணவிகளை என் காலத்தில் பார்த்திருக்கிறேன், எனக்கு அது இன்னும் மனவருத்தம்தான்.

மருத்துவம் படிக்க ஆசை என்றால் அங்கே இரத்தத்தை எதிர்கொண்டுதான் ஆகவேண்டும். பலருக்கு அது மெல்ல மெல்லப் பழகிவிடுகிறது. இப்போதே அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

இதயத்துல மூணு அறைதான்னா நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துடாதா? கலந்தா தவளை எப்படி உயிரோட இருக்கு?

'கெட்ட இரத்தம்' என்று சொல்லாதீர்கள். ஆக்சிஜன் குறைந்த இரத்தம், அவ்வளவுதான். கேள்வி மட்டும் மிக நல்ல கேள்வி.

மேலே இரண்டு ஆரிக்கிள்கள், கீழே ஒரே வென்ட்ரிக்கிள். உடலிலிருந்து வரும் இரத்தம் முதுகுப்புறம் இருக்கும் சைனஸ் வினோசஸ் என்ற முக்கோணப் பையில் சேர்ந்து வலது ஆரிக்கிளுக்குப் போகிறது. நுரையீரலிலிருந்து வருவது இடது ஆரிக்கிளுக்குப் போகிறது. இரண்டும் ஒரே வென்ட்ரிக்கிளில் இறங்குகின்றன. ஆனால் அதன் உட்சுவர் வழுவழுப்பாக இல்லை. தசைத்திரட்டுகள் நிறைந்து சிறு சிறு பள்ளங்களாக இருப்பதால் முழுக் கலப்பு நடப்பதில்லை. வெளியேறும் வழியான கோனஸ் ஆர்டீரியோசஸில் திருகு போன்ற ஒரு வால்வு உண்டு. அது இரத்தத்தை ஓரளவு பிரித்து அனுப்புகிறது.

பலர் மறந்துவிடுகிற ஒன்று தோல். தவளை தோலாலும் சுவாசிக்கிறது. தோலில் ஆக்சிஜன் ஏற்ற இரத்தம் உடல் சிரைகள் வழியாக வலது ஆரிக்கிளுக்கே திரும்புகிறது. ஆகவே வலப்பக்கம் வருவது முழுக்க ஆக்சிஜன் குறைந்த இரத்தம் என்று சொல்லவே முடியாது. நீருக்கடியில் கிடக்கும் தவளைக்கு நுரையீரலில் காற்றே இல்லாமல் தோல் மட்டும் வேலை செய்யும்போது கலப்பதே அதற்கு நன்மை. நம் இதயத்தை அளவுகோலாக வைத்துத் தவளையின் இதயத்தைக் குறைபட்டது என்று எழுதும் குறிப்பேடுகளைப் பார்த்தால் நான் சிவப்பு மையில் அடித்துவிடுவேன். குளத்திலும் கரையிலும் வாழும் உயிருக்குப் பொருத்தமான இதயம் அது.

வெளிய எடுத்து வச்ச இதயம் துடிச்சுக்கிட்டே இருந்துச்சுன்னு அப்பா சொன்னார். உண்மையா?

உண்மை. தவளையின் இதயத் துடிப்புக்கு நரம்பின் கட்டளை தேவையில்லை. மேலே சொன்ன சைனஸ் வினோசஸில் துடிப்பு தானாகப் பிறந்து மற்ற அறைகளுக்குப் பரவுகிறது. நரம்பு செய்வது வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும்.

அந்த வேகக் குறைப்பு எப்படி நடக்கிறது என்பதையும் தவளை இதயம்தான் சொன்னது. 1921-இல் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார். அந்த இதயத்திலிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். நரம்பே தூண்டப்படாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது. நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்று தெரிந்தது. அந்தச் சோதனை தமக்கு உறக்கத்தில் தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

விலா எலும்பும் இல்ல, உதரவிதானமும் இல்ல. அப்புறம் எப்படி மூச்சு இழுக்குது?

இழுப்பதில்லை, விழுங்குகிறது. வாயை மூடியபடி வாயின் அடித்தளத்தைத் தாழ்த்தும், மூக்கு வழியே காற்று உள்ளே வரும். பிறகு மூக்குத் துளைகளை மூடி அடித்தளத்தை உயர்த்தும்; காற்று நுரையீரலுக்குள் தள்ளப்படும். நமக்கு மார்பு செய்யும் வேலையை அங்கே தொண்டை செய்கிறது. தவளையின் வாயை வலுக்கட்டாயமாகத் திறந்தே வைத்திருந்தால் அதனால் நுரையீரலை நிரப்ப முடியாது.

தேரையும் உள்ள இப்படித்தானா?

பெரும்பாலும் ஆமாம். தேரைக்குப் பல் கிடையாது. தவளைக்கு மேல்தாடையில் மட்டும் உண்டு. ஆண் தேரையின் விந்தகத்துக்கு முன்னால் பிட்டர் உறுப்பு என்ற சிறு உருண்டை இருக்கும். அது வளர்ச்சியடையாத அண்டகம். விந்தகத்தை அகற்றினால் அது முட்டை உருவாக்கும் அண்டகமாகவே வளரக்கூடும். தேரையைக் கையாளவேண்டாம்: கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பிகளின் பால் நஞ்சுள்ளது.

என்ன இருந்தாலும் அறுத்துப் படிச்சவங்களுக்கு நாங்க ஈடாக முடியுமா மிஸ்?

அமைப்பைப் பொறுத்தவரை முடியும். ஐந்து தாள் படத்தை ஒழுங்காக வரைந்தவர்கள் என் வகுப்புத் தோழர்கள் பலரைவிடத் தெளிவாகப் பதில் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்களுக்குக் கிடைக்காதது தொடு உணர்வு. கல்லீரல் எவ்வளவு மெத்தென்று இருக்கும், குடலைத் தாங்கும் சவ்வு எவ்வளவு மெல்லியது என்பது படத்தில் வராது.

அதற்கு வீட்டு அடுக்களை இருக்கிறது. மீன் வாங்கி வந்த அன்று அம்மாவோ அப்பாவோ அலசும்போது பக்கத்தில் உட்காருங்கள். பித்தப்பையை உடைக்காமல் எடுக்க ஏன் அவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். உடைந்தால் மீனே கசந்துவிடும். செவுளுக்குப் பின்னால் இதயத்தைத் தேடுங்கள். அதில் ஒரே ஆரிக்கிள், ஒரே வென்ட்ரிக்கிள்தான். ஆட்டுக்கறிக் கடையில் இதயம் வாங்கி நீளவாக்கில் வெட்டினால் நான்கு அறை. நடுவில் தவளையின் மூன்றறை இதயத்தை உங்கள் படத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரோட இருக்கற தவளையைப் பார்த்தே ஏதாவது கத்துக்க முடியுமா?

நிறைய. மழை விட்ட சாயங்காலம் குளக்கரையில் அசையாமல் உட்காருங்கள். தவளையின் தொண்டை விடாமல் ஏறி இறங்குவது தெரியும். மேலே சொன்ன மூச்சு விழுங்கல் அங்கேதான் நடக்கிறது. இரையைக் கவ்வியதும் கண்கள் உள்ளே அமுங்கும். கண்குழிக்கும் வாய்க்கும் நடுவே எலும்பு இல்லாததால் கண்விழிகள் அழுந்தி இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன.

தண்ணீரில் தலைப்பிரட்டைகள் இருந்தால் பிடிக்காமல் குனிந்து பாருங்கள். சில வகைகளில் வயிற்றுத் தோல் கண்ணாடி போல இருக்கும். உள்ளே கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்ட நீளமான குடல் தெரியும். பாசி தின்பதற்கு அவ்வளவு நீளம் வேண்டும். ஒவ்வொரு வாரமும் அதே இடத்துக்குப் போங்கள். பின்கால் முளைத்து, முன்கால் வெளியே வந்து, வால் குறையும் நாட்களில் அந்தச் சுருளும் குறுகிவிட்டிருக்கும்.